கடையில் இல்லை, ஆப்பில் இருக்கு... ஜப்பானின் ‘கன்ப்ளா’ தட்டுப்பாடு ஏன் தீரவே மாட்டேங்குது?

கடை அலமாரி காலி. அதே பெட்டி, பிரிக்கப்படாமல், செகண்ட் ஹேண்ட் ஆப்பில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. ஜப்பானில் பிளாஸ்டிக் ரோபோ மாடல் கட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு இது சில ஆண்டுகளாகவே பழகிப்போன காட்சி. ‘கன்ப்ளா’ என்று செல்லமாக அழைக்கப்படும் கன்டாம் பிளாஸ்டிக் மாடல்களுக்கு அங்கே அப்படி ஒரு கிராக்கி.

2025 ஜனவரியில் ‘ஜீக்வாக்ஸ்’ என்ற புதிய கன்டாம் படம் தியேட்டர்களில் வெளியானது. ஏப்ரலில் அதே கதை டிவி தொடராக வந்தது. மவுசு இன்னும் ஏறியது. தயாரிப்பு நிறுவனமான பண்டாய் புதிய ஆலை கட்டியும், கடைகள் ஒருவருக்கு ஒன்று என்று கட்டுப்பாடு போட்டும் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை. பொம்மை விஷயம்தானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு பொருளுக்கு நியாயமான விலை எது, அதை யார் முடிவு செய்வது என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

கன்ப்ளா என்றால் என்ன?

‘மொபைல் சூட் கன்டாம்’ 1979 ஏப்ரலில் ஜப்பான் தொலைக்காட்சியில் தொடங்கிய அனிமே தொடர். இயக்குநர் யோஷியுகி டோமினோ. மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோக்கள், இரு தரப்பிலும் நியாயம் உள்ள ஒரு போர் என்று அந்தக் கதை கொஞ்சம் கனமானது. ஸ்பான்சராக இருந்த க்ளோவர் என்ற பொம்மை நிறுவனம் சின்னக் குழந்தைகளுக்கான பொம்மைகளை விற்றது. தொடரைப் பார்த்ததோ பெரிய பிள்ளைகள். வியாபாரம் எதிர்பார்த்தபடி நடக்காததால், 52 பாகங்களாகத் திட்டமிட்ட தொடர் 43 பாகங்களோடு 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1980 ஜூலையில் பண்டாய் முதல் கன்ப்ளாவைக் கொண்டுவந்தது. 144-ல் ஒரு பங்கு அளவு, விலை 300 யென். பள்ளிக்கூடப் பையன் பாக்கெட் மணியில் வாங்கக்கூடிய விலை. மறு ஒளிபரப்பும், 1981-82ல் வந்த மூன்று திரைப்படங்களும் சேர்ந்துகொள்ள, மாடல்கள் பறந்தன. 1982ல் ஒரு கடை எஸ்கலேட்டரில் கன்ப்ளா வாங்க முண்டியடித்த பிள்ளைகள் விழுந்து காயமடைந்தார்கள். விற்காத சரக்கையும் சேர்த்து வாங்கினால்தான் கன்ப்ளா என்று சில கடைகள் அப்போதே கறார் காட்டின. ஆக, தட்டுப்பாடு இந்தப் பொழுதுபோக்கோடு கூடவே பிறந்தது.

அதன் பிறகு 2021 வரையில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட மாடல்கள் 70 கோடிக்கும் மேல்.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

முடிந்த பொம்மை இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் கை, கால், கவசம் என்று சின்னச் சின்னப் பாகங்கள் மெல்லிய காம்புகளில் தொங்கும். இந்தச் சட்டத்துக்கு ‘ரன்னர்’ என்று பெயர். நிப்பர் என்ற சின்னக் கட்டரால் பாகத்தை வெட்டி எடுத்து, காம்பு இருந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, படம் போட்ட கையேட்டைப் பார்த்து ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும்.

ஆரம்ப கால மாடல்களுக்குப் பசையும் வேண்டும், பெயின்ட்டும் வேண்டும். இன்றைக்கு இரண்டும் வேண்டாம். பேனா மூடி ‘டக்’ என்று உட்காருவது மாதிரி, ஒரு பாகத்தின் முளை இன்னொரு பாகத்தின் துளையில் இறுக்கமாக உட்கார்ந்துவிடும். இதைத்தான் ‘ஸ்னாப் ஃபிட்’ என்கிறார்கள். நிறமும் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. ஒரே ரன்னரில் பல நிறங்களை வார்க்கும் இயந்திரங்களும் பண்டாயிடம் உள்ளன.

கட்டுபவரின் பொறுமைக்கும் பர்சுக்கும் ஏற்ப ரகங்கள் உண்டு. 1990ல் ‘ஹை கிரேட்’, 1995ல் ‘மாஸ்டர் கிரேட்’, 1998ல் ‘பெர்ஃபெக்ட் கிரேட்’, 2010ல் ‘ரியல் கிரேட்’ வந்தன. 2020ல் வந்த ‘என்ட்ரி கிரேட்’ புதிதாகத் தொடங்குபவர்களுக்கானது. நிப்பர்கூடத் தேவையில்லை, கையாலேயே பாகங்களைக் கழற்றிவிடலாம். விலை 1,000 யெனுக்குள்.

அதிகமாகத் தயாரித்தால் போதாதா?

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதில்தான் சிக்கல்.

கன்ப்ளாவின் தலைமையகம் ஷிசுவோகா நகரம். கோயில் கட்டும் மரவேலைக் கைவினையில் பெயர்பெற்ற இந்த ஊர், மர மாடல்களுக்கு மாறி, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தது. டமியா, ஹசேகவா, அவோஷிமா எல்லாம் இந்தப் பகுதி நிறுவனங்கள்தான். நொடித்துப்போன இமாய் நிறுவனத்தின் ஆலையை வாங்கி 1969ல் பண்டாய் இங்கே கால் வைத்தது. இப்போதைய ‘பண்டாய் ஹாபி சென்டர்’ 2006ல் திறக்கப்பட்டது.

அங்கே நடப்பது ஊசி வார்ப்பு. உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி, குளிரவைத்து, எடுப்பார்கள். பசை இல்லாமல் பாகங்கள் பொருந்த வேண்டும் என்றால் அச்சில் துளி பிசகு இருக்கக் கூடாது. முளை கொஞ்சம் பெருத்தால் பிளாஸ்டிக் விரியும், சிறுத்தால் ரோபோவின் கை தொங்கும். அந்தத் துல்லியத்தில் அச்சு செய்வதற்குச் செலவும் நேரமும் பிடிக்கும்.

ஒரு பெட்டிக்கே பல அச்சுகள் தேவை. இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு அச்சைத்தான் ஓட்டும். புது ரோபோவைக் கூடுதலாக வார்த்தால், பழைய ரோபோவின் முறை தள்ளிப்போகும். நாற்பது ஆண்டுக்கும் மேலான பட்டியலில் உள்ள மாடல்களை மாதவாரியாகச் சுழற்றித்தான் மறுபடி வார்க்கிறார்கள். ஒரு மாடல் தீர்ந்தால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையே தேவை இரண்டு பக்கமும் ஏறியது. கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் மாடல் கட்ட உட்கார்ந்தார்கள். 2022 அக்டோபரில் வந்த ‘தி விட்ச் ஃப்ரம் மெர்க்குரி’ தொடர், பெண்ணைக் கதாநாயகியாக வைத்து, கன்டாம் பக்கமே வராதவர்களையும் இழுத்தது. வெளிநாட்டுச் சந்தையும் வளர்ந்தது. 2021ல் ஷாங்காயில் முழு அளவு கன்டாம் சிலையே நிறுவப்பட்டது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் பொம்மை, கேம் எல்லாம் சேர்த்து கன்டாம் பெயரால் பண்டாய் நாம்கோ குழுமத்துக்கு வந்த வருமானம் சுமார் 15,000 கோடி யென்.

பழைய ஆலைக்குப் பக்கத்தில் கட்டப்பட்ட புதிய ஆலை 2025ல் இயங்கத் தொடங்கியது. ஆனால் ஆலை கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு தொடரின் மோகம் மாதக்கணக்கில் வந்து போகும். நிறுவனம் தயங்குவதற்கும் இதுதான் காரணம்: இன்றைய கூட்டத்தை நம்பி இயந்திரம் வாங்கிப் போட்டு, நாளை கூட்டம் கலைந்தால் சும்மா நிற்கும்.

நடுவில் புகுந்தவர்கள் யார்?

ஜப்பானில் அவர்களுக்கு ‘டென்பாய்யா’ என்று பெயர். வாங்கி மறுபடி விற்பவர்கள். நம்ம ஊரில் புதுப்படம் ரிலீஸான நாளில் தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றவர்களை நினைத்துக்கொள்ளலாம். வெளியீட்டு நாளில் அள்ளிக்கொண்டு போய், அன்றைக்கே மெர்காரி போன்ற தளங்களில் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கோபம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2021 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. மாடல் உலகின் முன்னணி இதழான ‘ஹாபி ஜப்பான்’ ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவர், மறுவிற்பனையை நியாயப்படுத்துவது போலச் சமூக வலைதளத்தில் எழுதினார். எதிர்ப்பு வெடித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, அவரை வேலையை விட்டு அனுப்பியது, மேலதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுத்தது.

சட்டம் எதுவும் செய்யாதா?

பெரிதாகச் செய்யாது. கச்சேரி, விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை லாபத்துக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டம் ஜப்பானில் 2019 ஜூனில் அமலுக்கு வந்தது. 2020ல் முகக்கவசத்துக்கும் பிறகு கிருமிநாசினிக்கும் சில மாதங்கள் தடை இருந்தது. பொம்மைக்கு அப்படி எதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்பது பொதுவாகக் குற்றமல்ல.

நிறுவனமே விலையைக் கட்டிப்போடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. கடைக்காரர் இன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் நிர்ப்பந்திப்பதை ஜப்பானின் ஏகபோகத் தடுப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. புத்தகம், செய்தித்தாள், இசைத்தட்டு போன்றவற்றுக்கு மட்டுமே விதிவிலக்கு. பெட்டியின் மேல் போடும் விலை ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். நுகர்வோரைக் காக்கக் கொண்டுவந்த சட்டம்தான் இங்கே நுகர்வோரைக் கைவிடுகிறது.

அதனால் சுமை கடைகள் மேல் விழுகிறது. ஒருவருக்கு ஒன்று, டோக்கன், குலுக்கல் என்று என்னென்னவோ செய்கிறார்கள். பெட்டியைக் கவுன்ட்டரிலேயே பிரித்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. கட்டப் போகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை, விற்கப் போகிறவருக்கு ‘பிரிக்காத பெட்டி’ என்ற மதிப்பு போய்விடும்.

பிரச்சினை கன்ப்ளாவோடு நிற்கவும் இல்லை. 2025 ஆகஸ்ட்டில் ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் உணவோடு போக்கிமான் அட்டை கொடுத்தபோது, அட்டையை எடுத்துக்கொண்டு உணவைத் தூக்கி எறிந்த காட்சிகள் பரவி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, நின்டெண்டோ தனது புதிய கேம் கருவிக்காக மெர்காரி உள்ளிட்ட தளங்களோடு முறைகேடான விளம்பரங்களைத் தடுக்க ஒப்பந்தம் செய்தது. சட்டம் வராத இடத்தில் நிறுவனங்களே தளங்களோடு பேச வேண்டிய நிலை.

விலையை ஏற்றிவிட்டால்?

பொருளாதாரப் பாடப்புத்தகம் அதைத்தான் சொல்லும். தேவை அதிகம், சரக்கு குறைவு என்றால் விலை ஏற வேண்டும். ஏற்றாமல் விட்ட அந்த இடைவெளிதான் மறுவிற்பனையாளரின் லாபம். அந்தப் பணம் அச்சு செய்த தொழிலாளிக்கும் போகாது, கடைக்காரருக்கும் போகாது.

ஆனால் விலையை ஏற்றினால் முதலில் வெளியேறுவது யார்? 300 யெனுக்கு வாங்கிய அந்தப் பள்ளிக்கூடப் பையனின் இன்றைய வாரிசுதான். இன்று பெரிய பெட்டிகளை வாங்கும் ஐம்பது வயதுக்காரர்கள் 1980களில் பாக்கெட் மணியோடு கடைக்கு வந்தவர்கள். இன்று ஒரு சிறுவன் மூன்று தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினால், நான்காவது தடவை வரமாட்டான். அந்த இழப்பு இந்த ஆண்டுக் கணக்கில் தெரியாது, இருபது ஆண்டு கழித்துத் தெரியும். தெருவோரச் சிறு மாடல் கடைகளுக்கு இன்னும் சிக்கல்: சரக்கு கொஞ்சம்தான் வரும், அதையும் வெளியாள் அள்ளிப்போனால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கட்டப்படாமல் அலமாரியில் தூங்கும் பெட்டியும் விற்பனைக் கணக்கில் ஏறிவிடும். உண்மையான தேவை எவ்வளவு என்பதே நிறுவனத்துக்குக் குழம்பிப்போகும்.

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு?

இங்கே கதை வேறு. சுங்க வகைப்பாட்டில் பொம்மைகளும், அளவு குறைத்த மாடல்களும் ஒரே தலைப்பின் கீழ், 9503ல் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க அந்தத் தலைப்புக்கான அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023ல் 70 ஆகவும் உயர்த்தியது. கப்பல் அல்லது விமானச் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்தால், அங்கே பாக்கெட் மணியில் முடிகிற பெட்டி இங்கே யோசித்து வாங்கும் பொருளாகிவிடும். மலிவான சீன நகல்கள் பக்கம் பலர் கை நீட்டுவதற்கு இந்த விலையும் ஒரு காரணம்.

இனி என்ன?

புதிய ஆலையின் உற்பத்தி சந்தைக்கு வர வர, மறுவிற்பனையாளருக்கு ரிஸ்க் கூடும். அடுத்த மாதமே கடையில் கிடைக்கும் என்று தெரிந்தால் யாரும் கூடுதல் விலை கொடுக்க மாட்டார்கள். பதுக்கியவர் கையில் சரக்கு தங்கும். மறுவெளியீட்டுத் தேதிகளை முன்கூட்டியே சொல்வதும் அதே வேலையைத்தான் செய்யும். கடைசியில் விலையை இறக்கப்போவது தடைச் சட்டமோ குலுக்கலோ அல்ல, ‘மறுபடி வரும், பொறுத்திருக்கலாம்’ என்று வாங்குபவருக்கு வரும் நம்பிக்கை. அதை ஷிசுவோகா எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறது என்பதில்தான் அடுத்த தலைமுறைக் கன்ப்ளா ரசிகர்கள் உருவாவது இருக்கிறது.