டென்மார்க் கணக்கு கிள்ளானுக்குச் செல்லாது

கோயில் மண்டபத்தில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதெல்லாம் வெட்டி வேலை, அதனால் ஓர் ஆயுளும் கூடவில்லை என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆதாரம்? டென்மார்க். பிரிக்பீல்ட்ஸ் முகாம்களை இழுத்து மூட அவருக்குக் கோப்பன்ஹேகன் போதும்.

ஆய்வு பொய்யில்லை. 1999இல் தொடங்கிய இண்டர்99 ஏறத்தாழ 60,000 பேரைப் பத்தாண்டுகள் கவனித்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் சாவு குறையவில்லை. ஆனால் அங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. இங்கே? மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். அரசுக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் கட்டணம். நாமோ கால் புண்ணாகி நாறிய பிறகே படியேறுகிறோம்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் நோயோடு வாழும் ஆண்டுகள் கூடியதுபோல் தோன்றும், சாகும் நாள் மாறாது என்கிறார். நியாயமான வாதம். அதனால்தான் மலேசிய மார்பகப் புற்றுநோயில் முதல் நிலையில் ஐந்தாண்டு பிழைப்பு 87.5 விழுக்காடு, நான்காம் நிலையில் 23.3 என்ற கணக்கை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. சாவையே எண்ணிய ஆய்வுக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் அசெட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பதுதான்) தடவிப் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2006 வரை பார்த்ததில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. முடிவு மறு ஆண்டு லான்செட் இதழில் வந்தது. தமிழில் எழுதுகிறவர் கண்ணுக்கு டென்மார்க் தெரிந்தது, திண்டுக்கல் தெரியவில்லை!

எதைச் சோதிக்கிறோம், கண்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்த வருமானத்தினருக்காக 2019இல் வந்த பெக்கா பி40 அரசுத் திட்டம் இலவசப் பரிசோதனையோடு நிற்கவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட், போக்குவரத்துச் செலவு என்று யோசித்தது. நம் முகாம்கள் பலவற்றில் இந்த யோசனை கிடையாது. சீட்டைக் கையில் திணித்து, நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து, படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். கட்டுரையாளர் இதைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். கிள்ளானில் சர்க்கரை 15 என்று வந்தவர் மறுவாரம் கிளினிக் வரிசையில் நின்றாரா என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டிருந்தால், கீழே என் கையெழுத்தையும் போட்டிருப்பேன்.