கிளினிக் நாளுக்கும் முழுப் பேர் வேண்டும்



பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி மலையேறும்போது மூச்சு வாங்கினால், "இந்த நேரத்தில் இது சகஜம்தானே" என்கிறோம். தலை சுற்றிக் கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்தால், "காலையில் சாப்பிடவில்லை போல" என்கிறோம். பல நேரம் அது இரத்தச்சோகை. கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் இரத்தம் போதாது என்று அர்த்தம். மிகவும் குறைந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தில் இரத்தம் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து.

கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் அதைச் சாயத் தேத்தண்ணியோடு விழுங்குகிறோம். நாம் பறிக்கும் அதே தேயிலை, குளிசையின் சத்து உடம்பில் சேராமல் தடுத்துவிடும். இராச் சாப்பாடு முடிந்து, படுக்கப் போகும்போது தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் குளிசையை வீசிவிடாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

செருப்பில்லாமல் மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு தொற்றும். அது குடலில் இருந்தபடி இரத்தத்தை உறிஞ்சும். முதல் மூன்று மாதம் கழிந்து கிளினிக்கில் தரும் பூச்சிக் குளிசையைத் தவற விடாதீர்கள். திரிபோஷா தாய்க்குத் தருவது; வீடு முழுக்கப் பங்கு போட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: முட்டையோ நெத்தலியோ கீரையோ, சட்டியில் இருப்பதில் முதல் பங்கு அவளுக்கு. கடைசியில் மிஞ்சிய ரொட்டியும் சம்பலும் இரத்தம் ஊற வைக்காது.

இவையெல்லாம் நாம் செய்யக்கூடியவை. ஆனால் குறையை முழுக்கப் பெண்கள் தலையில் போடுவது நியாயமில்லை. கிளினிக் போனால் அன்றைய பேர் போகிறது. வேலைக்குப் போய், தலைசுற்றலில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பல பெண்கள் கிளினிக்கைத் தள்ளிப் போடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு சொன்னால் மட்டும் போதாது, சம்பளம் கிடைக்க வேண்டும்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. கிளினிக் நாளுக்கு முழுப் பேர். இரத்தம் குறைவு என்று கிளினிக் அட்டையில் எழுதப்பட்ட பெண்ணுக்குச் சரிவு மலையை விட்டு இலகுவான வேலை. அந்த மாதங்களில் நிறை குறைந்தாலும் பேரை வெட்டாமை.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் இந்த மாதமே தங்கள் தோட்டத்துப் பிள்ளைத்தாச்சிப் பெண்களைச் சந்தியுங்கள். யார் யார் கிளினிக் நாளில் பேர் இழந்தார்கள் என்று திகதியோடு எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கணக்கை வைப்போம். கொழுந்தின் நிறையை நாள் தவறாமல் பார்க்கும் நிர்வாகம், பிறக்கும் பிள்ளையின் நிறையையும் கொஞ்சம் பார்க்கட்டும்.