ஏப்பம் எடுத்தியா?

ஆடி மாதத்தில் பொட்டிபுரத்துக்காரர்கள் தூங்க வேண்டுமென்றால் காற்று மனசு வைக்க வேண்டும். மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று ராத்திரி முழுக்கத் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்திலும் ஒரு மாதப் பிள்ளை பால் குடித்தபடியே தூங்கிப்போகும். முதலில் வாய் தளரும். இறுக்கி மூடியிருந்த கை விரல் விரலாகத் திறக்கும். கடைவாயில் ஒரு சொட்டுப் பால் நிற்கும். மார்க்காம்பு தானாக நழுவி வெளியே வந்துவிடும். வயிறு நிறைந்துவிட்டது என்பதைப் பேசத் தெரியாத ஒரு பிள்ளை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

அது சொல்லி முடித்ததும் நாங்கள் அதை எழுப்புவோம். "ஏப்பம் எடுத்தியாத்தா?" என்று இருட்டுக்குள்ளிருந்து என் அம்மாவின் குரல் வரும். இல்லை என்றால் அவரே எழுந்து வந்துவிடுவார். தோளில் போட்டு முதுகில் தட்டத் தட்டப் பிள்ளை விழிக்கும், வீறிட்டு அழும், அழுகிற அழுகையில் காற்றை விழுங்கும், மறுபடி மாருக்கு அலையும், குடிக்கும், தூங்கும். மறுபடி ஏப்பம். கடைசியில் ஏப்பத்தோடு குடித்ததில் ஒரு பங்கும் சேர்ந்து என் தோளில் வழியும். "பாத்தியா? எடுக்காமப் போட்டிருந்தா இது புரையேறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வார். நான் நைட்டி மாற்றிக்கொண்டிருப்பேன். மணி மூன்றாகியிருக்கும்.

நாலு மாதம் இப்படி ஓடியது. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறான். அந்தத் தூக்கக் கடன் எனக்கு இன்னும் அடையவில்லை. எழுத்தில் கொஞ்சம் காட்டம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். தாயிடம் பால் குடித்துத் தூங்கிவிட்ட, நோய்நொடி இல்லாத பிள்ளையை ஏப்பத்துக்காக எழுப்ப வேண்டியதில்லை. இதைப் போடி பஸ்ஸில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முன் சீட்டிலிருந்து மூன்று பேர் திரும்புவார்கள். பிள்ளை பெறாதவர்கூடப் புத்தி சொல்வார்.

பால் குடித்ததும் ஏப்பம் எடுக்காவிட்டால் வயிற்றில் காற்றுக் கட்டும், பிள்ளை கத்தும், பாலைக் கக்கும் என்பதுதான் நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். சண்டிகரில் கௌர், பார்தி, சைனி என்ற மூவர் சோதித்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு அது. தாயும் பிள்ளையுமாக 71 ஜோடிகள். பிரித்தது குலுக்கல் முறையில். ஒரு பாதிக்கு ஏப்பம் எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மற்ற பராமரிப்பைச் சொன்னார்கள், ஏப்பத்தைச் சொல்லவில்லை. மூன்று மாதம் பார்த்தார்கள். வயிற்று வலியால் விடாமல் கத்துவதில் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பால் கக்குவதில் இருந்தது. ஒரு பிள்ளைக்கு 100 வாரம் என்ற கணக்கில், தட்டாத பக்கம் 4.36 தடவை, தட்டிய பக்கம் 8.34 தடவை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எந்தக் கக்கலுக்குப் பயந்து தட்டினார்களோ, அதுவே தட்டியதால் கூடியிருக்கிறது. என் நைட்டிக்கு அன்றே தெரிந்த உண்மை.

71 பேர் ஒரு கணக்கா என்று கேட்கலாம். சின்ன ஆய்வுதான். எந்தத் தாய் தட்டினாள், எந்தத் தாய் தட்டவில்லை என்பது அந்தந்தத் தாய்க்குத் தெரியும், அதை மறைக்க வழியில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூங்குகிற பிள்ளையை விட்டுவிடு என்பவள் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. எழுப்பு என்கிறவர்தான் ஒரு காரியம் செய்யச் சொல்கிறார், அதையும் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. ஆதாரம் காட்டவேண்டியவர் அவர்தான். கேட்டால் "அந்தக் காலத்திலிருந்தே" என்பார். அந்தக் காலத்தில் பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணியும் வைத்தோம்.

பிள்ளை கக்குவதற்குக் காரணம் காற்று மட்டுமல்ல. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் சுருக்குப்பை மாதிரி ஒரு தசை இருக்கிறது. கைப்பிள்ளைக்கு அது அவ்வப்போது தளர்ந்து திறந்துகொள்ளும். குழாயோ குட்டை, உணவோ வெறும் பால், பிள்ளையோ நாளெல்லாம் படுத்தே கிடக்கிறது. எதுக்களிக்காமல் என்ன செய்யும்? சிகாகோ பக்கத்தில் 948 பெற்றோரிடம் கேட்டு 1997-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மூன்று மாதம் வரையுள்ள பிள்ளைகளில் பாதி, நாளுக்கு ஒரு தடவையாவது கக்குகிறது. நாலாம் மாதத்தில் 67 சதவீதம். பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீதம். அந்தத் தசை தேறிவிடுகிறது, பிள்ளை உட்காரப் பழகிவிடுகிறது. கத்துவதும் அப்படித்தான். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். அதற்குள் யார் தட்டினார்களோ, எந்த மருந்தை ஊற்றினார்களோ, பேர் அவர்களுக்கு.

எங்கள் பொட்டிபுரத்தின் பெயர் டெல்லிவரை அடிபட்டது நியூட்ரினோ என்ற நுண்துகளால்தான். அம்பரப்பர் கரட்டைக் குடைந்து ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ஒதுக்கியதும், அதன் பிறகு நடந்த போராட்டமும் வழக்கும் எல்லாருக்கும் தெரியும். சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி புகுந்து போகின்றனவாம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குள்ளும்தான். அதற்கு யாரும் முழித்துக்கொள்வதில்லை. ஒரு புளியங்கொட்டை அளவு காற்றுக்கு மூன்று தலைமுறை எழுந்து உட்காருகிறது.

சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். இந்த நம்பிக்கையின் ஆணிவேர் புரையேறும் என்ற பயம். மல்லாக்கப் படுத்த பிள்ளை கக்கினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று நினைக்கிறோம். ஆனால் மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. பால் மேட்டில் ஏறினால்தான் மூச்சுக்குழலுக்குள் போகமுடியும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும்.

இதே பயம் அமெரிக்காவில் என்ன செய்தது என்று பாருங்கள். பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1946-இல் வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. 1958 பதிப்பில் அவர், மல்லாந்து படுத்த பிள்ளை வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், ஆகவே குப்புறப் படுக்க வையுங்கள் என்ற பொருளில் எழுதினார். காதுக்கு நியாயமாகத்தான் பட்டது. ஊரே கேட்டது. ஆஸ்பத்திரிகளும் கேட்டன. தொட்டிலில் காரணம் தெரியாமல் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. 1990-களின் தொடக்கத்தில்தான் நியூசிலாந்து, பிரிட்டன், பிறகு 1994-இல் அமெரிக்கா என்று, "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று இயக்கமே நடத்தினார்கள். அமெரிக்காவில் அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. இருந்த ஆதாரங்களை 1970-லேயே ஒழுங்காகத் திரட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கங்களில் 50,000-க்குக் குறையாமலும் பிள்ளைகள் பிழைத்திருக்கலாம் என்று 2005-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. புரையேறும் என்ற பயத்துக்குக் கொடுத்த விலை இது.

இங்கே நம் வீடுகளிலும் ஏப்பம் வராத பிள்ளையைக் "காத்துப் பிரியட்டும்" என்று குப்புறப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. ஏப்பம் வரும்வரை தூக்கி வைத்திரு என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள். பிரசவித்த உடம்பு சுவரில் சாய்ந்தபடி, சோபாவில் சரிந்தபடி, பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டு காத்திருக்கும். எத்தனை நேரம் கண் விழிக்கும்? சோபாவில் பிள்ளையோடு தூங்கிப்போவது, அது உருண்டு மெத்தை இடுக்கில் முகம் புதைவது என்பதுதான் மருத்துவர்கள் கட்டாயம் தவிர்க்கச் சொல்வது. இல்லாத ஆபத்தைத் தடுக்கப் போய், இருக்கிற ஆபத்தில் அவளை உட்கார வைக்கிறோம்.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு.

பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் இரண்டு மாதப் பிள்ளை ஒன்று ராத்திரியில் இறந்துபோனது. காலையில் பார்த்தால் உடம்பு சில்லிட்டிருந்தது. மூக்கோரத்தில் கொஞ்சம் பால். நானும் போயிருந்தேன். அந்தப் பெண் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நேரமானதால் மார் கட்டி, ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. யாரோ ஒரு துண்டை எடுத்து மூடினார்கள். உள்ளே வந்த ஒவ்வொருத்தியும் அவள் கையைப் பிடித்தாள், அழுதாள், பிறகு கேட்டாள்: "ஏப்பம் எடுத்தியாத்தா?" முதலில் "எடுத்தேன்" என்றாள். அடுத்தவளிடம் "எடுத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். மத்தியானத்துக்குள் "எடுக்கலையோ என்னமோ" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒரு காலைப் பொழுதில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தானே கொன்றவளாகிப்போனாள். உயிர் போகிற தறுவாயிலும், போன பிறகும் இரைப்பையில் இருப்பது மேலே வருவதுண்டு, மூக்கோரத்துப் பால் சாவுக்குக் காரணம் ஆகாது என்று பிணப் பரிசோதனை செய்கிறவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. எனக்கும் அன்று தெரியாது. தெரியாமல் நானும் கேட்டேனா என்று யோசிக்கிறேன். கேட்டிருப்பேன்.

அப்பனிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு மருத்துவ முகம் இருக்கிறது, ஆனால் வேலை வேறு. பிள்ளை அழுதால், கக்கினால், இளைத்தால், தாயிடம் குற்றம் காண ஊர் வைத்திருக்கிற திறவுகோல் அது. "ஏப்பம் எடுக்கல" என்ற தீர்ப்புக்குப் பிறகு பரிகாரங்கள் வரிசை கட்டும். உரைமருந்து வரும், வசம்புக் கரி வரும், தொக்கம் எடுக்கிறவர் வருவார். கிரைப் வாட்டரும் வரும். 1851-இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தபோது அதில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை இவற்றோடு 3.6 சதவீதம் சாராயமும் இருந்தது. பிள்ளை அமைதியானதில் என்ன அதிசயம்! முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் ஏப்பத்தின் பேரால் சாமான்கடையையே கரைத்து ஊற்றுகிறோம்.

என் அம்மாவே ஏலத்தோட்டத்துக்குப் போனவர்தான். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் குமட்டக் குமட்ட மலையேறி, பூப்பாறைப் பக்கம் காய் எடுத்துவிட்டு இருட்டில் இறங்குவார். என் தம்பி கைப்பிள்ளையாக இருந்தபோது அவனையும் கொண்டுபோனார். மரத்தில் சேலையைக் கட்டி அதில் போட்டுவிடுவார். கங்காணி முகத்தைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்க வேண்டும். குடித்தவன் தூங்கினால் மறுநிமிடம் நிரைக்கு ஓடவேண்டும். "அங்கே ஏப்பம் எடுத்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்கு எங்க நேரம்?" என்றார் சாதாரணமாக. தம்பிக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை தரவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. தினக்கூலிக்கு ஜீப் ஏறுகிறவளுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். அந்த இடைவேளைக்காக ஒரு குரலும் எழுப்பாத ஊர், ஏப்பத்துக்காக அவள் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கிறது.

முழித்திருக்கிற பிள்ளை குடிக்கும்போதே நெளிந்து முகம் சுளித்தால் தோளில் போட்டு ரெண்டு தட்டுத் தட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை வேகமாகக் குடித்து அதிகக் காற்றை விழுங்கலாம், அதற்கு இடையிடையே நிறுத்துவது நல்லது. குறைமாதப் பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, பச்சையாகவோ பீச்சியடித்தோ வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் டாக்டரிடம் போங்கள், தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மற்ற பிள்ளை தூங்கிவிட்டால் மல்லாக்கப் போட்டுவிட்டு நீங்களும் தூங்குங்கள்.

போன மாசியில் பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. இதையெல்லாம் அவள் மாமியாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உள்ள போன காத்து எங்கதான் போகும்?" என்றார்.

"மேல வரலேன்னா கீழ வழியாப் போகும் மதினி."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு தொட்டில் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். ரெண்டு தட்டு தட்டலேன்னா எனக்குத் தூக்கம் வராதே, அதுக்கென்ன செய்ய?"

"அது முழிச்சிருக்கப்போ தட்டுங்க" என்றேன்.