பழைய பேட்டரிக்கும் ஒரு தர்மம் உண்டு

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் மதுராந்தகத்தைக் கடந்தால் வருவது அச்சிறுபாக்கம். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம், இறைவன் ஆட்சீஸ்வரர். முப்புரங்களை எரிக்கச் சிவபெருமான் புறப்பட்டபோது பூமியே தேராயிற்று. சூரிய சந்திரர் சக்கரங்களாயினர். நான்கு வேதங்கள் குதிரைகளாயின. நான்முகன் சாரதியானான். இத்தனை சிறப்போடு அமைந்த அந்தத் தேர், முதலில் விநாயகரை வணங்க மறந்த காரணத்தால் அச்சு இற்று நின்றது என்கிறது தலபுராணம். அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் என்று பெயர் பெற்றதாகச் சொல்வர்.

தேவர்கள் கூடி அமைத்த தேருக்கே புறப்படும் முன் செய்யவேண்டிய கடமை ஒன்று இருந்தது. நம் வண்டிக்கும் அது உண்டு. விநாயகருக்குச் சிதறுகாய் உடைக்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். வண்டியின் முன் கற்பூரம் காட்டுகிறோம். இவற்றை ஒருநாளும் மறவாத பல குடும்பங்கள், பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியை மட்டும் அது உயிர்விடும் வரையில் நினைப்பதே இல்லை. யாத்திரைக்கு ஆயத்தமாகும் அன்பர்களுக்கு இந்த வாரம் அதனைப் பற்றியே எழுதுகிறோம்.

கோயிலுக்குச் செல்வதற்கென்றே கார் வைத்திருக்கும் வீடுகள் இன்று பல. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பர். பெற்றோர் பிரதோஷத்துக்கும் கிருத்திகைக்கும் மட்டும் வண்டியை எடுப்பர். மற்ற நாளெல்லாம் அது உறை போர்த்தி நிற்கும். இத்தகைய வண்டிகளில்தான் பேட்டரி விரைவில் கெடுகிறது. ஓடாமல் நிற்கும்போதும் அதிலுள்ள மின்சாரம் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். குறைந்த நிலையிலேயே நெடுநாள் இருந்துவிட்டால், உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின் மேல் ஒருவகை உப்புப் படிந்து இறுகிவிடுகிறது. அதன்பின் எத்தனை நேரம் சார்ஜ் செய்தாலும் பழைய வலிமை திரும்புவதில்லை. நம் நாட்டு வெயிலும் அதன் ஆயுளைக் குறைக்கிறது. மூன்று ஆண்டுகளைக் கடந்த பேட்டரியை, நெடும்பயணத்துக்கு முன் ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம்.

அருகிலுள்ள கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் சென்று திரும்புவதால் பேட்டரி நிறைந்துவிடாது. இஞ்சினைக் கிளப்புவதற்குச் செலவான மின்சாரத்தை மீட்கவே அந்த ஓட்டம் போதாமற்போகலாம். வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம், நிற்காமல் ஓட்டி வருதல் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. டாஷ்போர்டில் வீற்றிருக்கும் பிள்ளையாருக்குச் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்துவது பலருக்கு வழக்கம். சாவியைத் திருப்பினால் எரிந்து, எடுத்தால் அணையும்படி அதனை இணைத்திருந்தால் தீங்கில்லை. சில இடங்களில் நேராகப் பேட்டரியிலிருந்தே கம்பி இழுத்துவிடுகிறார்கள். அவ்விளக்கு இரவும் பகலும் எரியும். கால் ஆம்பியருக்கும் குறைவாக, 0.2 ஆம்பியர் மட்டுமே அது எடுப்பதாகக் கொண்டாலும், ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய காரின் பேட்டரி ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. ஒரு வாரத்தில் அது வறண்டுபோகும். பிள்ளையாரின் விளக்கு சாவியோடு அணைகிறதா என்பதை அன்பர்கள் இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து, ஊருக்கு வெளியே நிறுத்திய வண்டியை நாடிக் களைப்போடு வருகிறோம். அல்லது மண்டல காலத்தில் நிலக்கல்லில் வண்டியை விட்டு, பம்பைக்குப் பேருந்தில் சென்று, மலையேறி ஐயனைத் தரிசித்து மீள்கிறோம். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. முகப்பு விளக்கையோ உள்விளக்கையோ அணைக்க மறந்திருக்கலாம். முதியவர்களும் குழந்தைகளும் உடன் இருக்கையில் மனம் பதறுவது இயல்பு. முதலில் பார்க்கவேண்டியது, குறை பேட்டரியில்தானா என்பதை.

சாவியைத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டு, விளக்குகளும் மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் இஞ்சின் சுழலவில்லையென்றால் குறை பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். இஞ்சின் நன்றாகச் சுழன்றும் கிளம்பவில்லையென்றால் பேட்டரியைக் குறை கூறுவதற்கில்லை. பேட்டரியின் இரு முனைகளிலும் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அதுவே மின்சாரத்தைத் தடுக்கும். இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து, உலர்த்தி, இறுக்கிப் பூட்டினால் சில வண்டிகள் அப்போதே கிளம்பிவிடும். புதிய பேட்டரி வாங்கும் முன் இதனைச் செய்து பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

பேட்டரிதான் தளர்ந்தது என்று தெரிந்தால், அருகிலுள்ள மற்றொரு காரின் உதவியை நாடலாம். யாத்திரைத் தலங்களில் கேட்டால் உதவாதவர் அரிது. டிக்கியில் ஒரு ஜோடி ஜம்பர் கேபிள் இருத்தல் வேண்டும். முறை இதுதான். இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே நிற்கவேண்டும். இரண்டின் இஞ்சினும் அணைந்திருக்கவேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு நுனியை நம் பேட்டரியின் பிளஸ் முனையிலும், மறுநுனியை உதவும் வண்டியின் பிளஸ் முனையிலும் மாட்டுக. பின்பு கறுப்புக் கேபிளின் ஒரு நுனியை உதவும் வண்டியின் மைனஸ் முனையில் மாட்டுக. அதன் மறுநுனியை நம் பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து விலகியிருக்கும், பெயின்ட் பூசாத இஞ்சின் இரும்புப் பகுதியில் மாட்டுக. உதவும் வண்டியின் இஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நம் வண்டியைக் கிளப்புக. கிளம்பியதும், மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கேபிள்களைக் கழற்றுக.

கடைசி நுனியைப் பேட்டரியில் மாட்டலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. அந்த நுனி தொடும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்தோ, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவது உண்டு. பொறியும் வாயுவும் சேர்ந்தால் பேட்டரி வெடித்துக் கந்தக அமிலம் தெறிக்கும். இதனாலேயே வாகன பூஜையின்போது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே கற்பூரம் காட்டுவது ஆகாது. பானெட்டை மூடியபின் முன்னால் நின்று காட்டுவதே முறை. ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் பேட்டரியின் முனைகளில் இடவேண்டா. பானெட்டின் மேல் இட்டால் போதும்.

மேலும் சில எச்சரிக்கைகள். அருகில் நிற்பது சுற்றுலாப் பேருந்தோ லாரியோ என்றால் அதிலிருந்து இணைக்கவே கூடாது. பெரும்பாலும் அவை 24 வோல்ட் கொண்டவை, நம் கார் 12 வோல்ட். பேட்டரி உப்பியோ வெடித்தோ கசிந்தோ இருந்தால் எந்த முயற்சியும் வேண்டா, மெக்கானிக்கை அழைக்கவேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்ப இயலாது. பானெட்டுக்குள் கை வைக்கும் முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுக. பேட்டரியின் முனைகளுக்கு இடையே அகப்படும் பொன் வளையல் நொடியில் பழுக்கக் காய்ந்து தசையைச் சுடும். அமிலம் உடலிற் பட்டால் தாமதமின்றி நிறைந்த நீரால் கழுவவேண்டும். கண்ணிற் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

வண்டி கிளம்பிவிட்டால் கவலை தீர்ந்ததென்று எண்ணலாகாது. வழியில் தேநீருக்காக நிறுத்தி இஞ்சினை அணைத்தால் மீண்டும் கிளம்பாமற்போகலாம். ஊர் வந்ததும் பேட்டரிக் கடையில் சோதிப்பதே சரி. நன்றாக நிறைந்து ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால், சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் செம்மையாக இருக்கிறது. ஆல்டர்னேட்டர் பழுதாயிருக்கப் பேட்டரியை மட்டும் மாற்றினால், புதியதும் சில நாளில் படுத்துவிடும். முழுமையாகச் சார்ஜ் செய்தும், பாரம் ஏற்றிச் சோதிக்கையில் தாங்கவில்லையென்றால் மாற்றுவதே வழி.

வாங்கும்போது வண்டியின் கையேட்டில் குறித்த அளவையே கேட்டு வாங்குக. பிளஸ் முனை வலப்புறமா இடப்புறமா என்பதும் பொருந்தவேண்டும். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் வண்டிகளுக்குத் தனிவகைப் பேட்டரி உண்டு. விலை குறைவென்று சாதாரண வகையைப் பொருத்தினால் நெடுநாள் உழைக்காது. உற்பத்தி மாதத்தைப் பார்க்கவும். வாரண்டி அட்டையில் தேதியும் வண்டி எண்ணும் எழுதி முத்திரையிடச் செய்யவும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். இந்த ஒழுங்கு தவறினால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கும்.

புதியது வந்துவிட்டது. பழையது எங்கே போகிறது? நாம் மிகுதியும் சிந்திக்கவேண்டியது இதனைப் பற்றியே.

ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களுமே. ஈயத்துக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. ஆகவே பழைய பேட்டரியைத் தந்தால் கடைக்காரர் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழிப்பார். பழைய இரும்பு வாங்குபவர் அதனினும் நூறோ இருநூறோ மிகுதியாகத் தருவதாகச் சொல்லக்கூடும். அந்த ஆசைக்கு இணங்கும்போது, அப்பேட்டரி முறையான ஆலைக்குப் போகாமல், ஏதேனும் ஓர் ஒதுக்குப்புறக் கொட்டகைக்குப் போய்ச் சேரக்கூடும். அங்கே அதனைக் கோடரியால் பிளப்பர். அமிலத்தை மண்ணில் கொட்டுவர். ஈயத்தைத் திறந்த உலையில் உருக்குவர். அந்தப் புகையும் தூசியும் உலையில் நிற்பவரின் உடலிற் கலக்கும். அவர் உடையில் ஒட்டி வீட்டுக்குச் செல்லும். அவருடைய குழந்தை அதனைச் சுவாசிக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அறிவையும் கவனத்தையும் குன்றச் செய்வது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மண்ணில் கலந்த ஈயம் மக்கிப் போவதும் இல்லை.

நம் குழந்தைக்குக் கல்வி வேண்டிக் கலைமகளை வணங்கும் அதே ஆயுதபூஜைக் காலத்தில், வண்டிக்குப் புதுப் பேட்டரி மாட்டி, பழையதை இன்னொருவர் குழந்தையின் அறிவைக் கெடுக்கும் இடத்துக்கு அனுப்பலாமா? அந்த இருநூறு ரூபாயை உண்டியலில் இட்டாலும் அது புண்ணியமாகாது.

இதற்குச் சட்டமும் வழி செய்திருக்கிறது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் கடமையை 2001-ஆம் ஆண்டு விதிகளே வகுத்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளருக்குப் பொறுப்பை வலுப்படுத்தியதோடு, பயன்படுத்துவோரும் பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலவாமல், சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்கவேண்டும் என்கின்றன. முறையான ஆலையில் ஈயத்தை மீண்டும் மீண்டும் உருக்கிப் புதிய பேட்டரி செய்யலாம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பழையதைக் கொடுத்து, அதன் கழிவுத் தொகையைப் பில்லில் எழுதி வாங்குவது நம் வேலை. எடுத்துச் செல்லும்போது சாய்க்காமல் நிமிர்த்தியே வைக்கவேண்டும். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றலாகாது.

கோயில் அறங்காவலர்களுக்கும் உபயதாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று பல கோயில்களில் இன்வெர்ட்டர் உண்டு. அதன் பேட்டரியும் பெரும்பாலும் ஈயமும் அமிலமும் கொண்டதே. கார் பேட்டரியைவிடப் பெரியது. உபயமாகப் புதியது வாங்கித் தரும் அன்பர்கள், பழையது யாரிடம் போகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். சந்நிதியில் விளக்கு எரியத் துணை நின்ற பொருள், எந்த வீட்டின் விளக்கையும் அணைக்காதிருக்கட்டும்.