கொன்னா பாவம், விட்டுட்டு வந்தா பாவம் இல்லையா?



போன வாரம் திங்கக்கிழமை காலையில நம்ம சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி கிடந்த அட்டைப்பெட்டியை எல்லாரும் பாத்திருப்பீங்க. உள்ளே ரெண்டு பூனைக்குட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடிச்சு நாம வீட்டுக்குப் போன பிறகு யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க. பள்ளிக்கூடம்னா பிள்ளைங்க இருக்கும், சோறு இருக்கும், யாராவது எடுத்துப்பாங்கன்னு நினைச்சிருப்பாங்க. சனி, ஞாயிறு லீவுன்னு அவங்களுக்குத் தெரியாதா? ஒரு குட்டி செத்துக் கிடந்துச்சு. இன்னொண்ணு சமையல் அக்கா பால் ஊத்திப் பிழைச்சுது. இப்போ அது ஏழாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி வீட்டுல இருக்கு.

அன்னைக்கு எல்லாரும் திட்டுனோம். நானும் திட்டுனேன். ஆனா என்னால சத்தமாத் திட்ட முடியலை. ஏன்னா போன வருஷம் அதே வேலையை நானும் செஞ்சிருக்கேன்.

எங்க வீட்டுப் பூனை நெல்லு மூட்டைக்குப் பின்னாடி நாலு குட்டி போட்டுச்சு. மூணு வாரம் இருக்கும். அப்பா ஒவ்வொரு குட்டியாத் தூக்கித் திருப்பிப் பாத்தாங்க. ஒண்ணு கடுவன், மூணு பெட்டை. "கடுவன் இருக்கட்டும். பெட்டையெல்லாம் வெச்சா வருஷத்துக்கு வீடு முழுக்கக் குட்டியாயிடும்"னு சொன்னாங்க. அப்பாயி உடனே, "பூனையைக் கொன்னா பாவம்டா, தங்கத்துல பூனை செஞ்சு தானம் பண்ணாலும் தீராது. எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா"ன்னாங்க. அப்பா உரச்சாக்குல மூணையும் போட்டு வாயைக் கட்டினாங்க. டி.வி.எஸ். வண்டியில பின்னாடி உக்காந்து சாக்கை மடியில வெச்சிருந்தது நான்தான். துணி வழியா அதுங்க சூடு என் காலுல தெரிஞ்சுது.

நாலு கிலோமீட்டர் தள்ளி ரைஸ்மில்லுக்குப் பின்னாடி விட்டோம். "இங்க எலி நிறைய இருக்கும், பொழச்சுக்கும்"னு அப்பா சொன்னாங்க. நான் ஒண்ணும் பேசலை. சாக்கு நல்ல சாக்குன்னு அதை மட்டும் உதறி மடிச்சுத் திரும்பக் கொண்டு வந்தோம்.

மறுநாள் பள்ளி விட்டதும் சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தேன். ஒண்ணும் இல்லை. தவிடு அள்ளிக்கிட்டிருந்த அக்காவைக் கேட்டேன். "ராத்திரி பூரா கத்திக்கிட்டு இருந்துச்சு பாப்பா. விடியக்காலம் நாய் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் இல்லை"ன்னாங்க. வீட்டுல தாய்ப்பூனை நாலு நாள் மூட்டைக்குப் பின்னாடி போய்ப் போய்த் தேடுச்சு.

எங்க அப்பா கெட்டவங்க இல்லை. மாடு கன்னு போடுற அன்னைக்கு ராத்திரி பூரா தூங்காம உக்காந்திருப்பாங்க. அப்பாயியும் காக்காவுக்குச் சோறு வைக்காம சாப்பிட மாட்டாங்க. அதனாலதான் இதை யோசிக்கணும்னு நினைக்கிறேன். நல்லவங்க எல்லாரும் சேர்ந்து ஏன் இப்படிச் செய்யிறோம்? கொல்றது பாவம்னு பயப்படுறோம். ஆனா விட்டுட்டு வர்றதைப் பாவக் கணக்குலயே சேர்க்கிறதில்லை. நம்ம கையால சாகலை, நம்ம கண்ணு முன்னாடி சாகலை, அவ்வளவுதான். ஆனா சாகுறது என்னவோ அந்தக் குட்டிதானே?

இதுக்கு மூணு சமாதானம் சொல்றாங்க. மூணையும் பாப்போம்.

முதலாவது, "பொழச்சுக்கும்" என்பது. பூனைக்குட்டிக்குக் கண் திறக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஏறக்குறைய ஒரு மாசம் வரைக்கும் தாய்ப்பால்தான் ஆகாரம். எலி பிடிக்கிறதைத் தாய்தான் கத்துக்கொடுக்கும். பாதி செத்த எலியைக் கொண்டுவந்து குட்டி முன்னாடி போடும், பாத்திருப்பீங்க. ரெண்டு மாசமாவது தாயோட இருந்தாத்தான் அது தேறும். மூணு வாரக் குட்டிக்கு எலியைக் கண்டாத்தான் பயம். அதை எலி இருக்கிற இடமாப் பாத்து விட்டோம்னு சொல்றது நம்ம மனசுக்குச் சொல்லிக்கிற பொய். பூனை குட்டியை ஏழு வீடு மாத்தும்னு பெரியவங்க சொல்வாங்க. அது வாயில கவ்விக்கிட்டுப் பத்திரமான இடத்துக்கு மாத்துது. நாம சாக்குல கட்டி எங்கே மாத்துறோம்?

இரண்டாவது, "நாலு பேர் வர்ற இடத்துல விட்டா யாராவது எடுத்துப்பாங்க" என்பது. அதனாலதான் சந்தை, கோயில், பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம்னு பாத்து விடுறாங்க. நான் ஒண்ணு கேக்குறேன். அது நல்ல காரியம்னா ஏன் இருட்டுன பிறகு வந்து விடணும்? பகல்ல வந்து, "எங்க வீட்டுல குட்டி இருக்கு, யாருக்காவது வேணுமா?"ன்னு கேக்கலாமே! கேட்டா "வேண்டாம்"னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அப்போ எடுத்துக்க ஆள் இல்லைன்னு நமக்கே தெரியுது. நம்ம பாரத்தைக் கேக்காமலே அடுத்தவங்க தலையில வைக்கிறதுக்குப் பேரு தானம் இல்லை.

மூன்றாவது, "சுதந்திரமா இருக்கட்டும்" என்பது. முயல், லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவங்க சொல்றது இது. வெள்ளை முயல் பச்சைப் புல்லுல உக்காந்தா பத்து வயல் தள்ளி இருக்கிற நாய்க்கும் தெரியும். கூண்டுல பொறந்து வளர்ந்ததுக்குப் பதுங்கவும் தெரியாது. லவ் பேர்ட்ஸ் நம்ம நாட்டுப் பறவையே இல்லை. கிண்ணத்துல தினை கொட்டினாத் தின்னு பழகினது, நம்ம ஊர்க் காக்காவுக்கும் வல்லூறுக்கும் நடுவுல என்ன செய்யும்? பிடிச்ச காட்டுப்பறவையைத் திரும்பக் காட்டுல விடுறது விடுதலை. வீட்டுல வளர்ந்ததைத் தெருவுல விடுறது கைவிடுறது. ரெண்டும் வேற வேற.

இன்னொரு விஷயமும் சொல்லணும். எங்க வீட்டுல மூணு குட்டியைத் தள்ளுனதுக்குக் காரணம் அதுங்க பெட்டை என்பதுதான். அந்த வார்த்தையைக் கேட்டப்போ எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் எதுக்காக வந்துச்சுன்னு நமக்குத் தெரியும். மனுஷக் குழந்தையும் பூனைக்குட்டியும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. ஆனா "பொட்டையா? வேண்டாம்" என்கிற பேச்சு ரெண்டு இடத்துலயும் ஒண்ணாத்தான் இருக்கு.

சட்டமும் இதைக் குற்றம்னுதான் சொல்லுது. 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துல 11-ஆவது பிரிவு இருக்கு. பசியாலயோ தாகத்தாலயோ கஷ்டப்படும்னு தெரியிற நிலைமையில, தக்க காரணம் இல்லாம ஒரு பிராணியைக் கைவிட்டா அது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.  50 ரூபாய்க்கு இப்போ ஒரு பிரியாணிகூட வராது! அதனால சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போறதில்லை. நாமதான் திருந்தணும். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது நம் அடிப்படைக் கடமைகளில் ஒன்று என்று சமூக அறிவியல் பரீட்சையில எழுதுறோம். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தார்னு தமிழ்க் கட்டுரையில எழுதி மார்க் வாங்குறோம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் சாக்கைத் தூக்குறோம். நான் தூக்குனேன்.

"அப்படின்னா எல்லாக் குட்டியையும் வெச்சு வளர்க்க முடியுமா? எங்க வீட்டுலயே அரிசி ரேஷன்ல வாங்குறோம்"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். எங்க வீட்டுலயும் அதே நிலைமைதான். நான் எல்லாத்தையும் வளர்க்கச் சொல்லலை. தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது சிலது இருக்குன்னு சொல்றேன்.

ரெண்டு மாசம் தாயோட விடுங்க. பால் குடிக்கிற வரைக்கும் நமக்கு ஒரு செலவும் இல்லை. அதுக்குள்ள சொந்தக்காரங்க, பக்கத்துத் தெரு, மளிகைக் கடைன்னு நேராப் போய்க் கேளுங்க. எலித் தொல்லை இருக்கிற வீடு நம்ம ஊர்ல எத்தனையோ இருக்கு. வீடு பாத்து, ஆள் பாத்து, கையில கொடுங்க. கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிட்டுப் போகும்போது பூனைக்கும் நாய்க்கும் கருத்தடை ஆபரேஷன் பத்திக் கேட்டுட்டு வாங்க. புதுசா ஒரு குட்டி வேணும்னு வீட்டுல அடம் பிடிக்கிறதுக்கு முன்னாடி, அது பெரிசானாலும் வெச்சுக்குவோமான்னு நம்மளையே கேட்டுக்குவோம். குட்டியா இருக்கிறப்போ தூக்கிக் கொஞ்சுறது நாமதான். அதனால கேக்க வேண்டியதும் நாமதான்.

எங்க பூனை இப்போ மறுபடியும் சினையா இருக்கு. "இந்தத் தடவை சாக்கு வேண்டாம்ப்பா, நான் வீடு பாத்துக் கொடுக்கிறேன்"னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ரெண்டு மாசம் டைம், அதுக்குள்ள பாரு"ன்னு சொல்லியிருக்காங்க.

அதனால இந்தத் தாளுக்குக் கீழே கட்டம் போட்டு இடம் விட்டிருக்கேன். வகுப்பாசிரியர்கிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் விட்டேன். வீட்டுல குட்டி இருக்கிறவங்க இடது பக்கம் எழுதுங்க. குட்டி வேணும்கிறவங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டு வலது பக்கம் எழுதுங்க. கடுவனா பெட்டையான்னு எழுத வேண்டாம்.

இடது பக்கம் முதல் வரி நான் எழுதிட்டேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி