ஃபெடரல் தெருவுக்கு வாருங்கள்!

தோழர்களே! யங்ஸ்டவுன் மக்களே!

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. கேம்பல் உருக்காலையை மூடப்போவதாக யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் அறிவித்தது. சுமார் 5,000 பேரின் பிழைப்பு ஒரே அறிவிப்பில் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மஹோனிங் ஆற்றங்கரையில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1930இல் 1,70,000 பேர் வாழ்ந்த இந்த ஓஹையோ நகரத்தில் இன்று சுமார் 60,000 பேர்தான் மிஞ்சியிருக்கிறோம்.

அந்தக் கறுப்புத் திங்களுக்குப் பிறகு நம் பெற்றோர் ஓய்ந்து உட்காரவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு வாஷிங்டனுக்குப் பேருந்து ஏறினார்கள். தேவாலயங்கள் முன்னின்றன. தொழிலாளரும் ஊராரும் சேர்ந்து ஆலையை வாங்கிவிடலாம் என்று, பாடுபட்டுச் சேர்த்த காசைச் சேமிப்புக் கணக்குகளில் போட்டார்கள். ஆலையை வாங்கத் தேவைப்பட்ட கடனுக்கு உத்தரவாதம் தர 1979இல் மத்திய அரசு மறுத்தது. அவர்கள் தோற்றது ஒற்றுமை இல்லாததால் அல்ல. கடைசிக் கையெழுத்து வேறொருவரிடம் இருந்ததால்!

நகர மையத்தின் கதை வேறு. வார்னர் சகோதரர்கள் தாங்கள் வளர்ந்த ஊருக்கென்று 1931இல் கட்டிய திரையரங்கு 1968இல் மூடப்பட்டு இடிபடும் நிலைக்கு வந்தது. உள்ளூர்க் கொடையாளர்கள் கைகொடுத்தார்கள். பவர்ஸ் அரங்கம் என்ற பெயரில் அங்கே இன்றும் இசை கேட்கிறது. உருக்கு நிறுவனத்தின் தலைமையகம் இருந்த ஸ்டாம்பா கட்டடம் 2018இல் தங்கும் விடுதியாகத் திறந்தது. நம் தெருவை நாம் மீட்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சிட்டிஸ்கேப் தொண்டு அமைப்பின் அழைப்பை ஏற்று ஆண்டுதோறும் மண்வெட்டியோடு வந்து நகர மையத்தைச் சுத்தம் செய்து பூச்செடி நடுகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செடி நட்டால் வேலை வருமா என்று சிலர் கேட்கிறார்கள். நேரடியாக வராதுதான். ஆனால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, கடையைக் காலி செய்வதா என்று தவிக்கும் கடைக்காரர் முதலில் தெருவைத்தான் பார்க்கிறார். குப்பையும் இருட்டுமாகக் கிடந்தால் அவர் போய்விடுவார். அவர் போனால் பக்கத்துக் கடையும் நிற்காது. எழுபதுகளில் நகர மையத்தின் ஃபெடரல் தெருவில் வண்டிகள் வராமல் தடுத்து, அதை நடப்போருக்கான சதுக்கமாக்கினார்கள். கடைகள் பிழைக்கவில்லை, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் வண்டிகளுக்கே திறந்துவிட்டார்கள். கல் பதித்தால் மட்டும் கூட்டம் வராது. மனிதர்கள் வர வேண்டும், அடிக்கடி வர வேண்டும்.

2024 மே 28இல் நகர மையத்தின் ரியால்டி கட்டடத்தில் எரிவாயு வெடித்து ஓர் உயிர் போனது. நூறாண்டு நின்ற அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் என்ன எழ வேண்டும் என்பதை மறுபடியும் வேறு யாரோ தீர்மானிக்க விடப்போகிறோமா? கூடாது, தோழர்களே!

நகர மன்றக் கூட்டங்களுக்கு வந்து வாய்திறந்து கேளுங்கள். அடுத்த கட்டடத்தை இடிக்க ஆள் வரும் முன்பே காரணம் கேளுங்கள். வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது நகர மையத்தில் சாப்பிடுங்கள். ஓய்வுபெற்ற உருக்காலைத் தோழர்களே, வெல்டிங்கும் மின்வேலையும் அறிந்த உங்கள் கைகள் எங்களுக்கு வேண்டும். மாணவர்களே, பல்கலைக்கழகக் குன்றிலிருந்து இறங்கி வாருங்கள். இந்தச் சனிக்கிழமை காலையிலேயே ஃபெடரல் தெருவுக்கு வாருங்கள், பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள்!