முதலைக்குக் கிட்டிய சொந்தம் கோழி

கப்பல்துறையில் பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். முள்ளந்தண்டு விலங்குகள் பாடம் வந்தால் ஒரே ஒப்புவிப்புத்தான்: மீன், ஈரூடகவாழி, ஊர்வன, பறவை, முலையூட்டி. முதலை எதில்? ஊர்வன. உடும்பு? அதுவும் ஊர்வன. கோழி? பறவை. முழுப் புள்ளியும் வந்துவிடும். முதலைக்குக் கிட்டிய சொந்தம் உடும்பா, கோழியா என்று கேட்டால் மட்டும் வகுப்பே சிரிக்கும்.

கோழிதான். உயிரியலாளரிடையே இதில் இன்று தகராறே இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஒளிக்கிறோம்?

தோற்றத்தை வைத்துச் சேர்ப்பது பழைய பழக்கம். எங்கள் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் கபரகொய்யா என்ற நீர் உடும்பை முதலையை ஒத்த பிராணி என்று எழுதினார். மாலுமியை விடுங்கள். 1758இல் லின்னேயஸே முதலை, பாம்பு, தவளை எல்லாவற்றையும் அம்பிபியா என்ற ஒரே வகுப்பில் போட்டார். அதைத் திருத்தியவர்கள் தவளையைப் பிரித்தார்கள். முதலையை உடும்போடு விட்டுவிட்டார்கள்.

வகுப்புக்குக் கோழி இதயம் வாங்கி வருவேன். சவர அலகால் குறுக்கே வெட்டினால் இடது அறையின் சுவர் தடித்து வட்டமாக நிற்கும். வலது அறை பிறைபோல் அதை ஒட்டி மெலிந்து கிடக்கும். நடுத்தடுப்பில் ஓட்டை இல்லை. உடும்புக்கு இந்தத் தடுப்பு அரைகுறை. முதலைக்கு முழுமை, கோழியைப் போலவே நான்கு அறை. முட்டைக்குள் இருந்தே முதலைக் குஞ்சு கத்தும். தாய் வந்து மணலைக் கிளறி, குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். உடும்பு முட்டையிட்டு மூடிவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். அதற்கு முதலையைவிடப் பாம்பே நெருங்கிய உறவு. பிளந்த நாக்கைப் பார்த்தாலே ஒரு சந்தேகம் வரவேண்டும்.

முதலைக்கும் பறவைக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன். உடும்பின் வழி அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. பறவைப் பக்கத்துக் கிளையில் வந்தவைதான் டைனோசர்கள். 1861இல் ஜெர்மனியில் அறிவிக்கப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸ் உயிர்ச்சுவடு முதல், 1996இல் சீனாவில் இறகுத் தடத்தோடு வெளிப்பட்ட சைனோசோரொப்டெரிக்ஸ் என்ற டைனோசர் வரை இந்த உறவுக்குச் சாட்சிகள் வரிசையாக நிற்கின்றன. அப்படியிருக்க, பறவையை வெளியே விட்டு ஊர்வன என்று ஒரு வகுப்பு வைப்பது, வெளிநாடு போய் ஆளே மாறிவிட்டான் என்று தம்பியின் பெயரைக் குடும்ப மரத்திலிருந்து வெட்டுவது போன்றது.

பிள்ளைகள் குழம்புவார்கள் என்பார்கள் சக ஆசிரியர்கள். என் அனுபவத்தில் குழப்புவது அந்த ஐந்து பெட்டிகள்தான். தவளை ஓணானாகி, ஓணான் கோழியானது என்று ஏணிப்படி கட்டிக்கொள்கிறார்கள். இன்றைய தவளை எதற்கும் பாட்டனல்ல. தன் வழியில் நம்மளவு காலம் பரிணமித்த உயிர். இலங்கையின் ஈரவலயத்தில் வாலுள்ள குஞ்சுப் பருவத்தை முட்டைக்குள்ளேயே முடித்து, குட்டித் தவளையாகவே வெளிவரும் மரத்தவளைகள் நிறைய உண்டு. அவை தண்ணீரைத் தேடி முட்டையிடுவதில்லை.

ஊர்வன என்ற சொல் பேச்சுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். பாடத்தில் பெட்டிகளை எடுத்துவிட்டுக் கிளைவிட்ட மரம் ஒன்றைப் போடுங்கள். வினாத்தாளிலும் எது எந்த வகுப்பு என்று கேட்காமல், எது எதற்குக் கிட்டிய சொந்தம், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். ஆமையை எங்கே வைப்பது என்று யாராவது எழும்பிக் கேட்பார்கள். 2012 முதல் வந்த மரபணு ஆய்வுகள் அதையும் உடும்புப் பக்கம் விடாமல், முதலைக்கும் பறவைக்கும் அருகிலேயே வைக்கின்றன.